ஊராரின் நம்பிக்கையை அளப்பது எங்ஙனம்?



சென்ற பௌர்ணமிக் கூட்டத்தின் முடிவில் ஓர் இளைஞர் எழுந்து, "ஐயா, வருங்காலத்தைப் பற்றி மக்கள் கொண்டுள்ள நம்பிக்கையைக் கைபேசியின் வாயிலாகவே அளந்துவிடுகிறார்களாமே, உண்மைதானா?" என்று வினவினார். நேரம் போதாமையால் அன்று விடை கூறவில்லை. இப்பாடம் அவருக்கு விடை. நம் அனைவருக்கும் உரியதுமாகும். ஏனெனில், நம்மைக் குறித்துப் பிறர் எடுத்த கணக்குகளை நாம் நெடுங்காலம் அப்படியே ஏற்று வந்திருக்கிறோம். கணக்கு எவ்வாறு எடுக்கப்பட்டது என்று கேட்டோமில்லை.

நம்பிக்கையை அளத்தல் புதிதன்று. அமெரிக்க அறிஞர் ஹாட்லி காண்ட்ரில் என்பார் மக்களிடம் ஓர் ஏணியின் படத்தைக் காட்டினார். உச்சிப் படி நீ விரும்பும் மிகச் சிறந்த வாழ்வு. அடிப்படி மிகத் தாழ்ந்த வாழ்வு. இன்று எந்தப் படியில் நிற்கிறாய்? ஐந்தாண்டு கழித்து எந்தப் படியில் நிற்பாய்? இவ்வளவே கேள்வி. இரு படிகளுக்கும் இடையேயுள்ள தூரம் அவன் நம்பிக்கையின் அளவாகும். இந்தியா உட்படப் பல நாடுகளில் இவ்வாறு கேட்டறிந்தவற்றை அவர் 1965-ல் நூலாக வெளியிட்டார்.

நமது ரிசர்வ் வங்கியும் இத்தகைய ஆய்வு நடத்துகிறது. நம் பெங்களூரும் அதில் அடங்கும். வேலை, வருமானம், விலைவாசி ஆகியன இன்று எப்படி, ஓராண்டுக்குப் பின் எப்படியிருக்கும் என்று குடும்பத்தாரைக் கேட்கின்றனர். 100 என்பது நடுக்கோடு. அதற்குக் கீழே போனால் அவநம்பிக்கை. கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய 2021 மே திங்களில், நிகழ்கால நிலையைக் காட்டும் எண் 48.5-க்கு வீழ்ந்தது, எதிர்காலத்தைக் காட்டும் எண் 96.4-ல் நின்றது. நம் தெருக்களில் ஆம்புலன்ஸ் ஒலி ஓயாதிருந்த நாட்கள் அவை. அப்போதும் மக்கள் இன்றைய நிலையைக் கண்டு அஞ்சிய அளவுக்கு நாளையைக் கண்டு அஞ்சவில்லை.

இனி இளைஞர் கேட்டதற்கு வருவோம். இப்போது கேளாமலே அறியும் வழி ஒன்று வந்துள்ளது. அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக் கழகத்தார் ஏறக்குறைய 10,000 ஆங்கிலச் சொற்களுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் இடுவித்தனர். அப்போது டுவிட்டர் எனப்பட்ட தளத்தில் மக்கள் எழுதியவற்றில் அச்சொற்களை எண்ணி, அந்தந்த நாளின் மகிழ்ச்சி இவ்வளவு என்று வரைந்தனர். இக்கருவிக்கு ஹெடோனோமீட்டர் என்று பெயர். சிரிப்பு என்னும் பொருள் தரும் சொல்லுக்கே மிக உயர்ந்த மதிப்பெண். தமிழன் இதைக் கேட்டால் என்ன சொல்வான்? "என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது" என்பவனுக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுப்பதா? ஆயினும் அவர்களிடம் நியாயம் உண்டு. தனி வாக்கியத்துக்கு இக்கருவி ஆகாது, பெருந்தொகையான எழுத்துக்கே பொருந்தும் என்று அதைச் செய்தவர்களே கூறுகின்றனர்.

தமிழுக்கும் ஒரு முயற்சி நடந்துள்ளது. அயர்லாந்தின் கால்வே நகரிலிருந்து பாரதிராஜா சக்கரவர்த்தி என்னும் ஆய்வாளர், யூடியூபில் மக்கள் எழுதிய கருத்துரைகளைத் திரட்டி 2020-ல் வெளியிட்டார். ஆங்கிலம் 28,451, தமிழ் 20,198, மலையாளம் 10,705. மொழியறிந்தோர் அவற்றைப் படித்து, நம்பிக்கையூட்டுவது, அல்லாதது, வேற்று மொழி என்று பிரித்தனர். கணிப்பொறி அதைக் கண்டு பழகும்.

இதில் ஒன்று என்னைக் கவர்ந்தது. வங்கி கேட்பது "எனக்கு என்ன வரும்?" என்பது, இவர்கள் தேடியதோ ஒருவன் மற்றொருவனுக்குச் சொல்லும் தைரியம், ஆதரவு. முன்னது ஆசையின் அளவு. பின்னதை மைத்திரிக்கு அணித்தான அளவு என்பேன். ஆனால், "நீ நல்லா வருவே" என்பதை ஒரு தாய் வாழ்த்தாகவும் சொல்வாள், வயிறெரிந்தும் சொல்வாள். எழுத்தில் குரல் ஏது?

மேலும் ஒரு குறை உண்டு. நூற்பாலையில் நூலின் கவுண்டு பார்க்க 120 கஜம் சுற்றி நிறுப்போம். பல கதிர்களிலிருந்து நூல் எடுத்தால்தான் அக்கணக்கு செல்லும். மேஸ்திரிக்கு அருகிலுள்ள, நன்றாக ஓடும் ஒரே கதிரிலிருந்து எடுத்தால் எண் அழகாக வரும். துணி மட்டும் கெட்டுப்போகும். யூடியூபில் எழுதுவோர் ஒரு கதிர். விடியுமுன் வீட்டு வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகள் வேறு கதிர். அவர்கள் எதையும் எழுதுவதில்லை. ஆகையால் அவர்கள் நம்புவதும் அஞ்சுவதும் எந்தத் தொகையிலும் ஏறவில்லை.

இதை நம்மிடையே சோதித்தேன். நம் ஜீவனஹள்ளி வாட்ஸ்அப் குழுவில், "நம் பிள்ளைகள் நம்மினும் நன்றாக வாழ்வார்களா?" என்று வாக்கெடுப்பு வைத்தேன். ஏறக்குறைய எல்லோரும் "ஆம்" என்றனர். அங்கே யார் எதற்கு வாக்களித்தார் என்பது குழுவிலுள்ளோர் அனைவருக்கும் தெரியும். உபதேசிக்கு முன்னால் "இல்லை" என்று யார் சொல்வார்? அடுத்த வாரம் அதே கேள்விக்குப் பெயரில்லாத சீட்டுகளைப் பானையில் போடச் சொன்னேன். "இல்லை" என்பவை பல வந்தன. "மகன் படித்துவிட்டான், வேலை இல்லை" என்று ஒரு சீட்டின் பின்புறம் எழுதியிருந்தது. நான் நடத்திய கூட்டங்களில் இதை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. வெட்கினேன்.

ஒரு சீட்டு மட்டும் வெறுமையாக இருந்தது. மறுநாள் ஒரு மூதாட்டி வந்து, "எனக்குப் படிக்கத் தெரியாதய்யா, எல்லோரும் போட்டார்களென்று நானும் போட்டேன்" என்றார். ஆகவே அடுத்த பௌர்ணமிக்கு முன் ஏணியை ஒரு பலகையில் வரைந்து வீடுதோறும் வருவேன். இரண்டு கேள்விகளையும் நானே வாயால் கேட்பேன்; படியின்மேல் விரலை வைத்துக் காட்டினால் போதும். உடன்வர விரும்பும் இளைஞர்கள் ஞாயிறு காலையில் வருக.