ஈயம் வார்க்கும் மனைப்பட்டறை

மதுரை மாநகரின் கீழ்த்திசையில், வைகையின் வடகரையில் அமைந்துள்ளது வண்டியூர். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய பின்னர் எழுந்தருளித் தங்கும் ஊர் இதுவென்பதை அறியாதார் நம் கல்லூரியில் இலர். அவ்வூரின் பெயர் தாங்கிய கண்மாய் ஒன்றும் உண்டு. மழை நன்கு பெய்து கண்மாய் நிறையும் காலங்களில், வீச்சுவலை வீசுவோரை அதன் கரையிற் காணலாம். வலை வட்டமாக விரிந்து நீரில் விழுந்ததும், விளிம்பெங்கும் கோத்த ஈயக்குண்டுகள் அதனை விரைவாக அடிக்கு இழுத்துச் செல்கின்றன. குண்டு இல்லையேல் வலையால் பயனில்லை.

இக்குண்டுகளைக் கடையில் வாங்குவோரும் உளர். தம் இல்லத்திலேயே உருக்கி வார்த்துக்கொள்வோரும் உளர். விடுமுறையில் ஒருநாள் முதியவர் ஒருவர் இவ்வேலை செய்யக் கண்டேன். சமையற்கட்டின் வாயிலுக்கு நேரே முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார். இரும்புச் சட்டியில் ஈயம் பாதரசம் போல் மின்னியது. அவர் குந்தியிருந்து, இரும்புக் கரண்டியால் அதனை மொண்டு மாக்கல் அச்சில் வார்த்தார். நான்கு வயதுடைய அவர் பேர்த்தி, சிதறி ஆறிய துளிகளைப் பொறுக்கிச் சிரட்டையில் இட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். முதியவரின் முன்கையில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. அதனைக் காட்டி, “சுட்டால் தெரியும் தம்பி; அதற்கு நான் பயந்துதான் இருக்கிறேன்” என்றார். சுடாத ஈயத்திற்கு அவர் அஞ்சவில்லை. அச்சம் வேண்டிய இடமோ அதுதான். அதனை விளக்குதலும், இவ்வேலைக்கேற்ற இடத்தை மனையில் அமைத்துக்கொள்ளும் முறையைக் கூறுதலுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈயம் எது?

தமிழில் ஈயம் என்னும் ஒரு சொல் இரண்டு உலோகங்களைக் குறிப்பதாயிற்று. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். பித்தளைப் பாத்திரத்திற்குக் கலாய் பூசுவதும், இரசம் வைக்கும் ஈயச் செம்பு செய்வதும் வெள்ளீயத்தாலேயே ஆதல் வேண்டும். வலைக்குண்டுக்கு உரியது காரீயம். நீரைப் போல் ஏறத்தாழ 7 மடங்கு கனமுடையது வெள்ளீயம். காரீயமோ 11 மடங்குக்கும் மேல். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும். காரீயம் 327 பாகையில் உருகும். வெள்ளீயக் கோலை வளைத்தால் மெல்லிய முறுமுறுப்பொலி எழும். காரீயம் ஓசையின்றி வளையும். காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடிடும். காரீயத்தால் செய்த பாத்திரத்தில் புளிக்கரைசல் கொதிப்பின், அப்புளிப்பு நஞ்சைக் கரைத்து உணவிற் கலக்கும். எனவே, ஈயம் உருக்கிய சட்டியும் கரண்டியும் மீண்டும் ஒருபோதும் அடுக்களைக்குத் திரும்புதல் ஆகாது.

காரீயத்திற்கும் கல்விக்கும் உள்ள தொடர்பும் பெரிது. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ முதலாக அண்மைக் காலம்வரை தமிழ் நூல்கள் உலோக எழுத்துக்களாலேயே பெரிதும் அச்சிடப்பட்டன. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் காலத்தில், செர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தமையால், பாலாடைக்கட்டிப் பெட்டிகளைச் சுற்றிவந்த ஈயத் தகட்டை உருக்கிச் சிறிய எழுத்துக்கள் வார்த்தனர் என்பர். நம் முன்னோர்க்கு அறிவு வழங்கிய உலோகமே, அறியாமையோடு கையாளப்படின் குழந்தைகளின் அறிவைக் குறைக்கும்.

தீங்கு வரும் வழி

உரோம நாட்டுக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு, ஈயம் வார்ப்போரின் முகம் வெளிறியிருத்தலைக் கண்டு, குடிநீருக்கு ஈயக் குழாயினும் மண்குழாயே நன்றென எழுதினார். அது 2,000 ஆண்டுகட்கு முற்பட்ட செய்தி. இன்று நாம் அறிவது இன்னும் மிகுதி.

உருகிய ஈயத்தின்மேல் காற்றுப் பட்டுச் சாம்பல் போன்றதோர் ஏடு படிகின்றது. இதுவே கசடு. அதனை வழிக்கும்போதும் கொட்டும்போதும் நுண்தூசு எழுந்து கையிலும், ஆடையிலும், தரையிலும் படிகின்றது. அங்கிருந்து உணவோடும் வெற்றிலையோடும் வாய்க்குள் செல்கின்றது. அன்றியும், சட்டி மிகச் சூடேறின் கண்ணுக்குப் புலனாகாத ஆவியும் எழுந்து மூச்சோடு கலக்கின்றது. உட்சென்ற ஈயம் குருதியில் சில வாரங்கள் உலாவி, எலும்பிற் குடிபுகுந்து பல்லாண்டுகள் தங்குகின்றது. வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, குருதிக்குறைவு, கை நரம்புத் தளர்ச்சி ஆகியன முதிர்ந்த நிலையின் அறிகுறிகள். தொடக்கத்திலோ அறிகுறி யாதும் தோன்றாது.

குழந்தைகள் நிலை இதனினும் இரங்கத்தக்கது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கை இளங்குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. வளரும் மூளையை அது தாக்குகின்றது, அவ்விழப்பு மீள்வதில்லை. கருவுற்ற தாயின் குருதி வழியே கருவிலுள்ள குழவியையும் சென்று சேர்கின்றது. தீங்கற்றது என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிபு.

ஆப்பிரிக்காவில் செனெகல் நாட்டுத் தக்கார் நகரை அடுத்த தியாரோய் என்னும் கடற்கரைக் குடியிருப்பில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சு வரை 18 குழந்தைகள் இறந்தனர். ஆராய்ந்தபோது, பழைய மோட்டார் பாட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் தொழில் அங்குக் குடியிருப்பின் நடுவே நடந்தது வெளிப்பட்டது. ஈயம் கலந்த மண்ணை மக்கள் வீட்டிற்குக் கொண்டுசென்று சலித்தனர். குழந்தைகளைக் கொன்றது நெருப்பன்று. வீட்டிற்குட் புகுந்த தூசு.

இடம்

மனைப்பட்டறைக்கு முதல் இலக்கணம், அது மனைக்குள் இல்லாதிருத்தலே. வீட்டின் வாயிலுக்கும் சாளரத்திற்கும் கிணற்றிற்கும் எட்டியுள்ள கொல்லைப்புறத்தில், பக்கங்கள் திறந்த கொட்டகை ஒன்று வேண்டும். காற்று நம் பக்கவாட்டிலிருந்து வந்து, ஆவியை நம் முகத்திற்கும் வீட்டிற்கும் படாமல் கொண்டு செல்லுமாறு அடுப்பின் திசையை அமைத்தல் வேண்டும். கூரை ஒழுகலாகாது, எளிதில் தீப்பற்றும் ஓலையும் ஆகாது. மரத்தடி குளிர்ச்சியாயினும் தகாது. இலையிலிருந்து ஒரு பனித்துளி சட்டியில் விழுந்தால் போதும், கேடு விளையும்.

தரை வழவழப்பான சிமெண்டுத் தரையாயின், ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். மண்தரையும் சாணம் மெழுகிய தரையும் தூசைத் தம்முள் ஏற்று, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும். துடைப்பம் கொண்டு பெருக்குதல் கூடாது. அது கீழே கிடந்ததை மூச்சுக்கு எடுத்துக் கொடுப்பதாகும்.

அமைதியாக வேலை செய்ய

குந்தியிருந்து வார்த்தல் நம் வழக்கம். ஆயின் குந்தியவன் முகம் சட்டிக்கு நேர்மேலே இருக்கும். ஈயம் சிந்தினால் உடனே எழுந்து விலகவும் இயலாது. ஆதலின் செங்கல்லால் மேடை கட்டி, நின்றவாறு வேலை செய்க. முழங்கையை மடக்கினால் கை நிற்கும் உயரத்திற்குச் சற்றுக் கீழே சட்டியின் விளிம்பு இருப்பின், தோளும் இடுப்பும் நோவா. ஒரு லிட்டர் ஈயம் 11 கிலோவுக்கு மேல் நிறையுடையது; ஆகையால் மேடையும் அடுப்பும் ஆடாதவையாக இருத்தல் இன்றியமையாதது. அடி தட்டையான, கனத்த இரும்புச் சட்டியை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பற்க. சட்டியைச் சுற்றிலும் உலர்மணல் பரப்பிய இரும்புத் தட்டு இருந்தால், சிந்தியது அங்கேயே நின்றுவிடும்.

வலக்கைக்காரர் கரண்டியையும் அச்சையும் வலப்புறமும், உருக்கவேண்டிய துண்டுகளை இடப்புறமும் வைத்துக்கொள்க. எந்தப் பொருளையும் எடுக்கச் சட்டியின் மேலாகக் கை நீட்டும் நிலை வரலாகாது. வெயில் ஏறாத காலைப் பொழுதே இதற்கு உகந்தது. களைத்த கையே தவறும்.

நீரும் சூடும்

உருகிய ஈயமும் நீரும் ஒன்று சேரலாகாது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு பருக்கின்றது. ஈயத்தின் அடியில் சிக்கிய ஒரு துளி நீர் நொடியில் ஆவியாகி, மேலுள்ள ஈயத்தை முகத்தில் வீசியெறிகின்றது. கண்மாயிலிருந்து எடுத்த பழைய குண்டுகளின் துளைகளில் சேறும் ஈரமும் மறைந்திருக்கும். அவற்றை உருகிய ஈயத்தில் இடுதல் பேரிடர். நன்கு கழுவிப் பல நாள் உலர்த்தி, குளிர்ந்த சட்டியில் முதலிலேயே இட்டு, மெல்லச் சூடேற்றுக. கரண்டியையும் அச்சையும் முன்னரே அனலிற் காட்டி ஈரம் போக்குக. ஈரக் களிமண் அச்சைத் தொடவே வேண்டா. குடிநீர்ச் செம்பு கொட்டகைக்கு வெளியே இருக்கட்டும்.

சூட்டிற்கும் அளவுண்டு. 400 பாகைக்குக் குறைந்த சூடே குண்டு வார்க்கப் போதுமானது. உலோகச் சூட்டை அளக்கும் கருவி இருப்பின் நன்று. சட்டியின் அடி சிவந்து தோன்றுமாயின் சூடு மிகையென்று உணர்ந்து, தீயைத் தணித்தல் வேண்டும்.

உடையும் தூய்மையும்

கண்ணை மூடும் கண்ணாடி, தோலுறை, கால் முழுதும் மூடும் செருப்பு, நீண்ட கையுள்ள பருத்திச் சட்டை ஆகியன வேண்டும். நைலான் ஆடை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வாயில் கட்டிய துண்டு ஈயத்தூசைத் தடுக்காது. நுண்தூசைத் தடுக்கும் முறையான மூச்சுமூடியே பயன்படும்.

கொட்டகைக்குள் பீடியும் வெற்றிலையும் உணவும் நுழையலாகா. குண்டின் பிளவைப் பல்லால் கடித்து மூடும் பழக்கத்தை அறவே விடுக. அதற்குக் குறடு உண்டு. வேலை முடிந்ததும் கைகளையும் முகத்தையும் சோப்பிட்டுக் கழுவி, ஆடையையும் செருப்பையும் அங்கேயே களைந்துவிட்டு, அதன் பின்னரே வீட்டிற்குள் சென்று குழந்தையைத் தூக்குக. அவ்வாடைகளைத் தனியே துவைக்க வேண்டும். கசடை மூடியுள்ள தகரப்பெட்டியிற் சேர்த்து, ஈயத்தை மீட்கும் உரிமம் பெற்றோரிடம் ஒப்புவிக்க வேண்டும். வயலிலோ கண்மாயிலோ கொட்டலாகாது. பழைய பாட்டரியை உடைத்து ஈயம் எடுக்க எக்காரணத்தாலும் முற்படற்க. அதில் அமிலமும் ஈயப்பொடியும் நிறைந்துள்ளன. அதனை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க இந்தியாவில் 2001-ஆம் ஆண்டிலேயே விதிகள் ஏற்பட்டன. 2022-ஆம் ஆண்டின் விதிகள் அப்பொறுப்பை உற்பத்தியாளர்மேலும் சுமத்தின.

பாலோ வாழைப்பழமோ உண்டால் ஈயம் முறிந்துவிடும் என்று நம்புவார் உளர். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உள்ள உணவு, ஈயம் உடலிற் சேர்வதை ஓரளவு குறைக்கும், முற்றும் தடுக்காது. இத்தொழில் செய்வோரும் அவர்தம் குழந்தைகளும் குருதியைச் சோதித்துப் பார்த்தலே தக்க வழி. ஒரு டெசிலிட்டர் குருதியில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பின், அது வந்த வழியைக் கண்டறிந்து அடைக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் நெறி வகுத்தது.

நிற்க. ஈயமே இல்லாமல் வலை இயலாதோ எனின், இயலும். இரும்புக் குண்டும் சுடுமண் குண்டும் உண்டு. தூண்டிலிற் கட்டிய சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மடிந்தமையால், இங்கிலாந்தில் 1987-ஆம் ஆண்டு அவற்றின் விற்பனையைத் தடுத்தனர். ஆயினும் கனத்தால் ஈயத்திற்கு நிகராக எளிய விலையில் கிடைப்பது அரிது. ஆகவே அதனை முற்றும் விடும்வரை, அடங்கிய இடத்தில் அடக்கிக் கையாளுதலே அறிவுடைமை.

முதியவரிடம் அன்று யான் இவையனைத்தையும் கூறவில்லை. சிரட்டையிலிருந்த துளிகளைக் காட்டி, அக்குழந்தையின் கை வாய்க்குப் போவதை மட்டும் பார்க்கச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பார்த்தார். பின் எழுந்து சிரட்டையை வாங்கி வைத்து, தாயை அழைத்துக் குழந்தையின் கைகளைக் கழுவச் செய்தார். பல வாரங்கள் கழித்து மீண்டும் சென்றபோது, முற்றத்தில் அடுப்பு இல்லை. கொல்லையின் கோடியில் இடுப்பளவு மேடையும், தகரக் கூரையும், பக்கத்தில் ஒரு வாளியும் சோப்பும் இருந்தன. பேர்த்தி வாசலில் புளியங்கொட்டைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

மாணவ நண்பர்காள்! வேதியியற் கூடத்தில் நாம் கற்கும் பாகைக் கணக்குகள் தேர்வுத்தாளோடு முடிவன அல்ல. நம் ஊர்களில் ஈயம் உருக்கும் முற்றங்கள் இன்னும் உள்ளன. அவற்றுள் ஒன்றையேனும் வீட்டு வாயிலிலிருந்து கொல்லைக்கு மாற்றுவோமாயின், நாம் கற்ற கல்வி ஒரு குழந்தைக்கேனும் பயன்பட்டதாகும்.