ஞாயிறு நான்கு மணிக்குக் கதவு திறந்திருக்கட்டும்

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் பிள்ளைகளுக்குத் தோழர்கள் கிடைப்பது எளிது, நிலைப்பதுதான் அரிது. ஓசூர் சாலைத் தொழிற்பேட்டையை நம்பி வந்த தமிழ், கன்னட, தெலுங்கு, இந்தி, ஒடியாக் குடும்பங்கள் ஒரே லைன் வீட்டு வரிசையில் இருக்கின்றன. ஒப்பந்த வேலை முடிந்தால் ஒரு வீடு காலியாகிவிடும். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து இங்குவரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்துவிட்டது. இனி ஆள் வரத்து குறையப்போவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வருடத்துக்கு ஒருமுறை கேக் வெட்டி முப்பது பிள்ளைகளை அழைப்பதைவிட, வாரம் ஒரு மாலை நாலைந்து பேருக்கு வீட்டைத் திறந்துவிடுவதே மேல் என்பது என் கட்சி.

காரணம் நேரக் கணக்கு. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. அது பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு. பிள்ளைகள் இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளலாம். ஆனாலும் ஒரு விருந்தின் மூன்று மணி நேரம் எந்தக் கணக்குக்கும் போதாது. வாரம் மூன்று மணி நேரம் என்றால் நான்கே மாதத்தில் ஐம்பதைத் தொடலாம். ஆகவே முதல் வேலை, நாளைக் குறிப்பது. ஷிப்ட் அட்டவணையைப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கும் பகலில் பிள்ளைகளை அதட்டி அடக்குவதைவிட, வார விடுமுறையான ஞாயிறு மாலை நான்கு முதல் ஏழு வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை வைத்த நேரத்தை மாற்றாதீர்கள்.

அடுத்தது, அழைக்கும் பிள்ளையின் வீட்டுக்கு நீங்களே நேரில் போய்ச் சொல்வது. வீட்டில் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்குத் திருப்பி அனுப்புவீர்கள், நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் யார் கூட வருவார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று கேளுங்கள். என்ன ஆட்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கன்னடம் தடுமாறினாலும் "ஊட்ட ஆய்த்தா?" (சாப்பாடு ஆயிற்றா?) என்று தொடங்கினால் அந்த வாசலில் முகம் மலரும்.

சாப்பாட்டில்தான் பல வீடுகள் தடுக்கி விழுகின்றன. சுண்டல், பொரி, எலுமிச்சைச் சாதம் போதும். எல்லாரும் சாப்பிடக்கூடியதாக, வாராவாரம் செய்யக் கட்டுப்படியாவதாக இருக்க வேண்டும். ஆனால் தட்டும் டம்ளரும் எல்லாருக்கும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் காகிதத் தட்டு நீட்டினால், இரட்டைக் குவளையை அந்தக் குழந்தை உங்கள் வீட்டில் கற்றுக்கொண்டு போகிறது. உங்கள் பிள்ளையும் கூடவே கற்கிறது. வேறுபட்ட மக்கள் பழகினால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதினார். பழகும் இடத்தில் சம மதிப்பு வேண்டும், பொதுவான நோக்கமும் கூட்டு வேலையும் வேண்டும், சட்டம், வழக்கம் போன்றவற்றின் ஆதரவும் வேண்டும் என்றார். எனவே பந்தி முடிந்ததும் பாத்திரம் கழுவுவதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கிடுங்கள். கேரம் ஆட்டத்தில் மொழி கலந்து ஜோடி சேருங்கள்.

"வீடே ஒரு ரூம்தானே" என்பார்கள். நாலு பிள்ளைகளுக்கு ஒரு பாய் போதும்; கட்டிலைச் சுவரோரம் தள்ளினால் இடம் வந்துவிடும். "படிப்பு கெடும்" என்பவர்களுக்கு, ஏழு மணிக்கு முடியும் என்ற உறுதியே பதில். பாதுகாப்பு பற்றிய கவலை மட்டும் முற்றிலும் நியாயமானது. அதற்காகக் கதவை மூட வேண்டாம், விதி வையுங்கள்: அறைக் கதவு திறந்தே இருக்கும், பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்க மாட்டார், கேட்காமல் படம் எடுத்துப் பகிர மாட்டோம். குழந்தைகள் உதவி எண் 1098ஐச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கனமான மறுப்பு ஒன்று உண்டு. காவிரிப் பிரச்சினையில் 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் கர்நாடகத்தில் வன்முறை மூண்டபோது, பக்கத்து வீட்டுப் பழக்கம் அதைத் தடுத்துவிடவில்லையே என்பது. இந்திய நகரங்களின் மதக் கலவரங்களை ஆராய்ந்து 2002இல் நூல் எழுதிய அசுதோஷ் வார்ஷ்னியும், அன்றாடப் பழக்கம் கிராமத்துக்குப் போதலாம், நகரத்துக்கு அமைப்பாகச் சேர்ந்த உறவுகள்தான் தாங்கும் என்கிறார். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நான்கைந்து மாதம் கழித்து இன்னொரு படி ஏற வேண்டும். பிள்ளைகளின் பெற்றோரை ஒரு மாலை கூட்டி, வீடுகளுக்கு முறை வையுங்கள். நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கும் ஜனவரிப் பொங்கலுக்கும் தெருவில் சேர்ந்து செலவு போடுங்கள். கணக்கு எழுதும் பொறுப்பைத் தமிழ் பேசாத ஒருவரிடம் கொடுங்கள்.

முதல் ஞாயிறு ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் சுண்டலை வழக்கம்போல வேகவையுங்கள். கிளம்பும்போது அடுத்த ஞாயிறும் நான்கு மணிதான் என்று அந்தப் பிள்ளையிடமே சொல்லியனுப்புங்கள்.