கணிப்பொறிக்கும் ஓர் ஒத்திகை

ஆண்டு விழா நாடகத்திற்கு ஒத்திகை உண்டு. நன்றாக ஓடும் கணிப்பொறியை வேண்டுமென்றே நிறுத்தி ஒத்திகை பார்ப்பதும் உண்டு என்பதை இவ்வாண்டுதான் அறிந்தோம்.

நமது சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, வகுப்பில் கணிப்பொறியில் பட்டியலாக்கினோம். பென் டிரைவில் நகலும் எடுத்தோம். ஒருநாள் ஆசிரியை கணிப்பொறியை அணைத்துவிட்டு, "இது பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எங்கே?" என்றார்கள். பெருமையுடன் பென் டிரைவை வேறொரு கணிப்பொறியில் செருகினோம். பட்டியல் திறக்கவில்லை! நாங்கள் நகலெடுத்தது பட்டியலை அன்று. அதைத் திறக்க உதவும் குறுக்குவழிச் சின்னத்தை மட்டுமே. நாணித் தலைகுனிந்தோம். நல்ல வேளை, அது ஒத்திகைதான்.

பெரியவர்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் நிறுவனத்தில், ஒரு பொறியாளர் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். ஐந்து வகைப் பாதுகாப்பு முறைகள் இருந்தும் தக்க நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. வேறு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்த நகலே காப்பாற்றியது. இடைப்பட்ட பதிவுகள் போயின.

வங்கி, பங்குச் சந்தை போன்றவற்றில் முதன்மை சர்வரில் பதிபவை தொலைவிலுள்ள மாற்று மையத்திலும் பதியும். ஒத்திகையின்போது முதன்மை மையத்தை விலக்கி, மாற்று மையத்தை இயக்குவார்கள். அப்போது இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியும்: வேலை மீண்டும் தொடங்க எவ்வளவு நேரமாயிற்று? எவ்வளவு பதிவுகள் இழந்தோம்?

2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் கோளாறு ஏற்பட்டு, வணிகம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நின்றது. மாற்று மையம் இருந்தும் அன்று அதற்கு மாறவில்லை. பின்னர் 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று சிறப்பு வணிகம் நடத்தினார்கள். காலை 9.15 முதல் 10 மணி வரை முதன்மை மையத்திலும், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்திலும் உண்மையான வணிகமே நடந்தது.

ஆனால் எடுத்த எடுப்பில் மூலத்தில் கை வைக்கலாகாது. முதலில் நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து, மூலத்துடன் எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். சரியாக இருந்த பின்னரே மூலத்தை நிறுத்திப் பார்க்கலாம்.

தோழியரே! நகல் இருப்பது வேறு. அது திரும்பக் கிடைப்பது வேறு. எங்கள் பட்டியலை மறுபடியும் நகலெடுத்தோம். இம்முறை திறந்து, ஒவ்வொரு வரியாக எண்ணிப் பார்த்தோம். நீங்களும் இன்றே எண்ணிப் பாருங்கள்!