மரத்தைச் சாய்க்க எவ்வளவு விசை வேணும்?

மழை பெஞ்ச மறுநாள் களை பிடுங்கினா வேரோட வரும். காஞ்ச மண்ணுல பிடுங்கினா பாதியில அறுந்துடும். மரத்துக்கும் இதே கதைதான்.

முதல்ல காத்து. வேகம் ரெண்டு மடங்கானா, அது தள்ளுற விசை நாலு மடங்காகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயலை எடுத்துக்குவோம். மணிக்கு 120 கி.மீ. காத்துன்னா நொடிக்கு 33 மீட்டர். தென்னையோட பரப்பையும் இழுவைக் கெழுவையும் பெருக்கி 6 சதுர மீட்டர்னு வச்சுக்கலாம். விசை சுமார் 4 கிலோ நியூட்டன், அதாவது 400 கிலோ எடை அளவுக்கு. இது 12 மீட்டர் உயரத்துல தள்ளுதுன்னா, அடியில வர்ற மொமென்ட் 48 கிலோ நியூட்டன் மீட்டர். அதே மரத்துல 4 மீட்டர் உயரத்துல கயிறு கட்டி இழுத்தா, அதே மொமென்ட்டுக்கு 12 கிலோ நியூட்டன் வேணும்.

இதை எதிர்த்து நிக்கிறது மூணு: காத்து வர்ற பக்கத்து வேரோட இழுவிசை, வேர் பிடிச்சிருக்கிற மண்கட்டியோட எடை, மண்ணோட வெட்டு வலிமை. கடைசியா சொன்னது நம்ம சாயில் மெக்கானிக்ஸ் பாடம்தான்: ஒட்டும் தன்மையும் உராய்வும் சேர்ந்தது.

மணல்ல ஒட்டும் தன்மை கிட்டத்தட்ட கிடையாது, உராய்வு மட்டும்தான். தண்ணி முழுசா நிறைஞ்சா துகள்களுக்கு இடையில இருக்கிற அழுத்தம் ஏறக்குறைய பாதியாகும், உராய்வும் கூடவே குறையும். கரிசல் காஞ்சா கல்லு மாதிரி, ஊறினா களி மாதிரி. செம்மண்ல தண்ணி சீக்கிரம் வடியும். ஆனா அடியில பாறையோ சுக்கானோ இருந்தா வேர் ஆழமா போகாது. தென்னைக்கு ஆணிவேரே கிடையாது, சல்லி வேர்தான். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பா சாஞ்சதை இதோட சேர்த்துப் பாருங்க. திரும்ப நட்டா காய்க்கவே அஞ்சாறு வருஷம் ஆகும்.

மரத்தைச் சாய்க்காமலே அளக்க வழி இருக்கு. தண்டுல கேபிள் கட்டி வின்ச்சால மெல்ல இழுப்பாங்க. லோட் செல் விசையைச் சொல்லும், சாய்வுமானி கோணத்தைச் சொல்லும். அடிமரம் கால் டிகிரி சாயறதுக்குள்ள நிறுத்திடுவாங்க. அந்த அளவை வச்சு, சாய எவ்வளவு வேணும்னு கணக்கிடலாம்.

கோயம்புத்தூர்ல சாக்கடைக்கும் கேபிளுக்கும் ரோட்டோரம் குழி தோண்டும்போது ஒரு பக்க வேர் மொத்தமா போயிடுது. மேல பார்த்தா மரம் பச்சையாத்தான் இருக்கும், ஆனா பிடிமானம் இருக்காது. ஐப்பசி மழைக்கு முன்னாடி உங்க தெரு, காலேஜ், ஹாஸ்டல் மரங்களோட அடியைப் பாருங்க. வேர் வெட்டுப்பட்டிருக்கா, மரத்தைச் சுத்தி மண்ணு வெடிச்சு ஒரு பக்கம் தூக்கியிருக்கா? அப்படின்னா அதுக்கு அடியில பைக்கை நிறுத்தாதீங்க, உடனே சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுங்க.