பெருங்குடலுக்கு இரத்த ஓட்டம் குறையும்போது

மலத்தில் இரத்தம் தென்பட்டால் அது மூலம்தான் என்று தாமாகவே முடிவுசெய்து, களிம்பு தடவி நாள்களைக் கடத்துவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். பெருங்குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, அதன் உட்சுவர் புண்படுவதே அது.

ஏன் ஏற்படுகிறது?

ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்கு முக்கியமாக இரண்டு தமனிகள் இரத்தம் அளிக்கின்றன. அவ்விரண்டின் எல்லைகள் சந்திக்குமிடம் மண்ணீரலுக்கு அருகிலுள்ள இடப்பக்க வளைவு. ஆற்றில் நீர் குறைந்தால் கடைமடை வயலே முதலில் காயும். இவ்வளைவின் நிலையும் அத்தகையதே. உடலில் நீர் வற்றினாலோ, இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்ந்தாலோ, இதயம் வலுவிழந்தாலோ, மூளையையும் இதயத்தையும் காக்கும் பொருட்டு உடல் குடலின் பங்கைக் குறைத்துவிடுகிறது. இரத்தக் குழாய்த் தடிப்பு, கடும் மலச்சிக்கல், சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

அறிகுறிகள்

பெரும்பாலும் இடப்பக்க வயிற்றில் திடீரென முறுக்கும் வலி, மலம் கழிக்கும் அவசரம், பின்னர் ஒரு நாளுக்குள் மலத்துடன் இரத்தம் என்ற வரிசையில் இவை தோன்றும். மூலத்தில் பொதுவாக வயிற்று வலி இராது.

சிகிச்சை

சி.டி. ஸ்கேன், கொலோனோஸ்கோப்பி ஆகியவற்றால் நோயை உறுதிசெய்கிறோம். "கஞ்சிகூடக் கொடுக்கக் கூடாதா?" என்று குடும்பத்தினர் கலங்குவது இயல்பே. உணவைச் செரிக்கக் குடலுக்குக் கூடுதல் இரத்தம் தேவை; ஆகவே ஓரிரு நாள்கள் அதற்கு ஓய்வளித்து, நரம்பு வழியே நீர்ச்சத்து ஏற்றுகிறோம். தேவையெனில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தருகிறோம். பெரும்பாலோர் சில நாள்களிலேயே தேறிவிடுகின்றனர். குடலின் ஒரு பகுதி அழுகிவிட்டால் மட்டும் அறுவைச் சிகிச்சை தவிர்க்க இயலாததாகிறது.

வலி கூடிக்கொண்டே போதல், வயிறு பலகைபோல் இறுகுதல், காய்ச்சல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

வீட்டில் நினைவிற்கொள்ள

• வயிற்றுப்போக்கின்போது உப்பு–சர்க்கரைக் கரைசல் அருந்துங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் அளவை மருத்துவரிடம் கேட்டறிக.
• அந்நாள்களில் இரத்த அழுத்த மாத்திரையையும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையையும் தொடரலாமா என்று அன்றே கேளுங்கள். தாமாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.
• புகையிலையை அறவே விடுங்கள்.
• இரத்தப்போக்கு நின்றுவிட்டாலும் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். குடல் புற்றுநோயும் இவ்வாறே இரத்தத்தால் தன்னை வெளிப்படுத்தக்கூடும்.