சிப் ஆலை வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

குஜராத்தின் தொலேராவுக்கும் சானந்துக்கும், அசாமின் ஜாகிரோட்டுக்கும் வேலைக்குப் புறப்படும் பிள்ளைகளே, சிப் ஆலையை நம் நாட்டில் நிலைநிறுத்தப் போகிறவர்கள் நீங்கள். கிளம்பும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

1. முதலில் ஒரு கணக்கு. சிப்புகள் உருவாகும் சிலிக்கான் தட்டான வேஃபர் ஒன்று ஆலைக்குள் 500 படிகளைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் 100-க்கு 99 சரியாக வந்தால் கல்லூரியில் தங்கப் பதக்கம் கிடைக்கும். ஆலையிலோ, கடைசிப் படி முடியும்போது நூறு சிப்பில் ஒன்றுகூடத் தேறாது. ஆயிரத்துக்கு 999 சரியாக வந்தால்தான் நூற்றில் அறுபது சிப்பாவது தேறும். இப்படித் தேறும் பங்கைத்தான் யீல்டு என்கிறோம். கட்டடம், இயந்திரம் எல்லாம் பணம் கொடுத்தால் வரும். திட்டச் செலவில் பாதியை மத்திய அரசே தருகிறது. யீல்டை எவரும் விற்பதில்லை. அது உங்கள் கையில்தான் விளைய வேண்டும்.

2. "உலகம் 2 நானோமீட்டருக்குப் போய்விட்டது, நாம் இன்னும் 28-லா?" என்று கேட்பார்கள். கூசாதீர்கள். 2021-இல் கார் ஆலைகள் நின்றது பெரும்பாலும் பழைய அளவு சிப்புகள் கிடைக்காமல்தான். தைவான் 1976-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடம் வாங்கியதும் அன்றைக்கே பழசாகிவிட்ட 7 மைக்ரான் முறை. அதைக் கற்க இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பினார்கள். அவர்கள் திரும்பிவந்து ஓட்டிய முன்னோட்ட ஆலையின் யீல்டு, சொல்லிக்கொடுத்தவர்களையே மிஞ்சியது. அந்த முயற்சியின் வழியில்தான் 1980-இல் யூஎம்சி, 1987-இல் டிஎஸ்எம்சி ஆகிய சிப் நிறுவனங்கள் பிறந்தன. பழைய முறையைப் பழுதில்லாமல் செய்தவர்களுக்குத்தான் புதியது வசப்பட்டது.

3. சிப்பை உறையிட்டுச் சோதிக்கும் பேக்கேஜிங் பிரிவில் இடம் கிடைத்தால் முகம் சுளிக்காதீர்கள். மலேசியாவின் பினாங்கில் இன்டெல் 1972-இல் தொடங்கியது அந்த வேலையைத்தான். இன்று சோதனை இயந்திரங்களைச் செய்து வெளிநாட்டுக்கு விற்கும் நிறுவனங்கள் அந்த ஊரிலேயே இருக்கின்றன.

4. ரசாயனத்துக்குப் பயப்படுங்கள், இந்தப் பயம் நல்லது. சிலேன் வாயு காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இன்னும் பொல்லாதது. தோலில் பட்டவுடன் வலிக்காமலே இருந்துவிடும். வலி தெரிவதற்குள் உள்ளே இறங்கியிருக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். சொட்டுப் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே தண்ணீரில் கழுவிக் களிம்பைத் தடவி மருத்துவரிடம் ஓடுங்கள். ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

5. தவறு நடந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள். நம் ஊர் அலுவலகங்களில் மேலதிகாரியிடம் பயந்து மறைக்கும் பழக்கம் உண்டு. சிப் ஆலையில் அந்தப் பழக்கம் ஆலையையே தின்றுவிடும். ஒரு படியில் மறைத்த பிழை சில வாரங்கள் கழித்துச் சோதனை மேசையில்தான் தெரியவரும். அதற்குள் எத்தனையோ வேஃபர்கள் அதே வழியில் போயிருக்கும். மேலாளர்களுக்கும் சொல்கிறேன்: உண்மையைச் சொன்ன பிள்ளையைத் திட்டாதீர்கள்.

6. மொகாலியின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1984-இல் 5 மைக்ரானில் உற்பத்தி தொடங்கிய அங்குள்ள அரசு சிப் ஆலை, சில ஆண்டுகளிலேயே 0.8 மைக்ரான் வரை முன்னேறியது. 1989 பிப்ரவரியில் தீ விபத்து. மறுபடி எழுவதற்குள் உலகம் பல தலைமுறை தாண்டிவிட்டது. ஆனாலும் ராக்கெட்டுகளுக்கான விக்ரம் செயலியை 180 நானோமீட்டரில் செய்திருப்பது அந்த இடம்தான். விட்டுப்போகாமல் அங்கே உழைத்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

7. இரண்டு வருடத்தில் மென்பொருள் வேலை கூடுதல் சம்பளத்தோடு கூப்பிடும். வீட்டுக் கடன் அழுத்தினால் போங்கள், குறை சொல்ல மாட்டேன். முடிந்தவர்கள் ஒரே பிரிவில் ஐந்தாறு வருடமாவது இருங்கள். கற்றதை நோட்டில் எழுதி, அடுத்து வரும் தம்பி தங்கைகளிடம் கொடுங்கள்.