பழைய போனுக்குப் புது இயங்குதளம்: மாற்றலாமா, வேண்டாமா?



"போன் நல்லாத்தான் இருக்கு, ஆனா கம்பெனிக்காரங்க அப்டேட் தர்றத நிறுத்திட்டாங்க" என்று சொல்லிப் புது போனுக்கு உள்கடன் கேட்கிறோம். போனை வைத்துக்கொண்டே அதன் இயங்குதளத்தை மட்டும் மாற்ற வழி உண்டா? இந்த மாதப் பாடம் இதுதான்.

இயங்குதளம் என்றால் என்ன?

போன் ஒரு வீடு என்றால், உள்ளே இருந்து வீட்டை நடத்தும் ஆள்தான் இயங்குதளம். நம்மில் பலர் வைத்திருக்கும் போனில் இருப்பது ஆண்ட்ராய்டு. அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி, வேறு இயங்குதளம் செய்யலாம்.

சென்னையிலேயே செய்தார்கள்

அடையாறை ஒட்டிய சர்தார் படேல் சாலையில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் இருக்கிறது. அதன் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம், கடையில் கிடைக்கும் போன்களில் போடக்கூடிய 'பார்ஓஎஸ்' என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். அதே மாதம் 24ஆம் தேதி மத்திய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாம் கேட்காத ஆப் எதுவும் அதில் முன்கூட்டியே இருக்காது. ஆனால், ரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்கே அதை அப்போது கொடுத்தார்கள்.

பொதுமக்கள் இலவசமாக எடுத்துக்கொள்ள இருப்பவற்றில் ஒன்று 'லினியேஜ் ஓஎஸ்'. 2016 டிசம்பரில் 'சயனோஜென்மாட்' நின்றுபோனபோது, அதன் தொடர்ச்சியாகத் தன்னார்வலர்கள் தொடங்கியது இது.

எப்படி மாற்றுகிறார்கள்?

1. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' திறந்து மாடலைச் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி நிரல். மாற்றிப் போட்டால் போன் எழுந்திருக்காமலே போகலாம்.

2. போட்டோ, போன் நம்பர், குழுக் கணக்கின் படங்கள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் பிரதி எடுக்க வேண்டும்.

3. கம்பெனி போட்ட பூட்டைத் திறக்க வேண்டும். சில கம்பெனிகள் இதற்கு அனுமதிப்பதில்லை. திறந்த உடனே போனில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும். திருடன் பூட்டைத் திறந்தாலும் நம் விவரம் அவனுக்குக் கிடைக்கக்கூடாது என்றுதான் இப்படி வைத்திருக்கிறார்கள்.

4. போனை நன்றாகச் சார்ஜ் செய்து, கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, புது இயங்குதளத்தை ஏற்ற வேண்டும்.

5. லினியேஜில் பிளே ஸ்டோர் இருக்காது. வேண்டுமென்றால், முதல் முறை போனை ஆன் செய்வதற்கு முன்பே அதையும் சேர்த்து ஏற்ற வேண்டும்.

லாபமும் நஷ்டமும்

லாபம்: பழைய போனுக்குப் புது ஆண்ட்ராய்டும் பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்கும். கடன் மிச்சம்.

நஷ்டம்: கம்பெனி பூட்டு திறந்த போனில் சில வங்கி ஆப்களும் பணம் அனுப்பும் ஆப்களும் வேலை செய்ய மறுக்கும். வாரண்டி போகலாம். போனின் சிப்புக்குக் கம்பெனி மட்டுமே தரக்கூடிய திருத்தங்கள் இதனால் கிடைக்காது.

ஆகவே நம் யோசனை இதுதான். குழுப் பணம் புழங்கும் போனில் கை வைக்க வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் இருந்தால், பிள்ளைகள் படிக்க, பாட்டு கேட்க, அதில் மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் முன்னால் செட்டிங்ஸில் அப்டேட் ஏதும் பாக்கி இருக்கிறதா பாருங்கள். பேட்டரி மட்டும் மாற்றினாலே சில போன்கள் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

கடையில் கொடுக்கும்போது

கடை தி. நகரில் இருந்தாலும் மயிலாப்பூரில் இருந்தாலும் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் இருந்தாலும், சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு கொடுங்கள். பின் நம்பர், ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். எந்த இயங்குதளம், எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மோசடியில் பணம் போனால் தாமதிக்காமல் 1930க்குப் பேசுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• குழுப் பணம் எந்தெந்த உறுப்பினரின் போன் வழியாகப் போகிறது?
• அந்தப் போன்களுக்குக் கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்தது எப்போது?
• குழுக் கணக்கின் படங்களுக்கு வேறு இடத்தில் பிரதி இருக்கிறதா?

பதில்களை ஊக்குநர் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை போனுக்கு உள்கடன் கேட்டு மனு வரும்போது, அந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்வோம்.